குடமா, தண்ணீரா? ‘ரிட்டென்ட்டிவ்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பழகிக்கொள்ளும் வழி

தண்டையார்பேட்டையில் மாலை ஏழு மணிக்கு நான் நடத்தும் ஆங்கில வகுப்புக்கு வருபவர்கள் அனைவரும் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். கன்டெய்னர் லாரிகளுக்கு ரசீது போடுபவர், ஏற்றுமதித் துணி தைப்பவர், ஐ.டி.ஐ. முடித்துவிட்டு மணலி ஆலை ஒன்றில் பயிற்சி பெறுபவர் எனப் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். சில மாதங்களுக்கு முன் அவர்களில் ஒருவர், காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த பெண், “இங்க படிக்கிறப்ப எல்லாம் புரியுது மிஸ், வீட்டுக்குப் போனா எதுவும் நிக்க மாட்டேங்குது. இத இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது?” என்று கேட்டார். கேட்டதோடு நிற்காமல் அகராதியைத் தாமே புரட்டி, ‘தக்கவைத்துக்கொள்ளும்’ என்ற பொருளுக்கு எதிரே இருந்த ரிட்டென்ட்டிவ் என்ற சொல்லைக் கண்டுபிடித்து, “தி லெசன் இஸ் நாட் ரிட்டென்ட்டிவ்” என்று நோட்டில் எழுதியும் வந்திருந்தார்.

அவர் தேடிப் பிடித்த சொல் சரியானது, வாக்கியந்தான் தவறிவிட்டது. நம் மொழியில் நினைவைப் பற்றிப் பேசும்போது பாடத்தைத்தான் எழுவாயாக வைக்கிறோம். பாடம் மனதில் நிற்கிறது, பாட்டு மனதில் தங்குகிறது, பெயர் நினைவிலிருந்து நழுவுகிறது என்கிறோம். நிற்பதும் தங்குவதும் நழுவுவதும் உள்ளே போன பொருளின் செயல். ஆங்கிலத்தின் இந்தப் பெயரடையோ உள்ளே வைத்துக்கொள்ளும் இடத்தின் குணத்தைச் சொல்கிறது. ஆகவே தமிழில் யோசித்து அப்படியே எழுதுகிற எவருக்கும் இந்தச் சறுக்கல் நேரும். அன்று அவருக்குக் கரும்பலகையில் விளக்கியதையும், அதன்பின் மற்றவர்கள் கேட்ட கேள்விகளால் சேர்ந்ததையும், இந்தச் சொல்லை முதன்முதலாகக் கையில் எடுப்பவருக்குப் பயன்படும் விதத்தில் படிப்படியாக எழுதித் தருகிறேன்.

முதல் படி, சொல்லைச் சரியாக ஒலிப்பது. ஒற்றை டகரம் உயிர்களுக்கு இடையில் வந்தால் ‘வீடு’ என்பதில் உள்ளதுபோல் மென்மையாக ஒலிக்கிறது. மெல்லினத்தை அடுத்து வந்தால் ‘வண்டி’ என்பதில் உள்ளதுபோல் ஒலிக்கிறது. இரட்டித்து வந்தால்தான் ‘வீட்டு’ என்பதுபோல் வன்மையாக ஒலிக்கும். இந்த ஆங்கிலச் சொல்லில் இரண்டு இடங்களிலும் வேண்டியது ‘வீட்டு’ ஒலிதான். ரிடென்டிவ் என்று எழுதிக்கொண்டால் நம் நாக்கு தானாகவே வண்டிக்குப் போய்விடும் என்பதால், என் மாணவர்களை நோட்டில் ரிட்டென்ட்டிவ் என்றே எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். அழுத்தம் நடுவில் இருக்கும் ‘ட்டென்’ என்ற அசையின்மேல் விழ வேண்டும். இறுதி அசை ‘இவ்’ என்று குறுகி ஒலிக்கும். அதை ‘ஐவ்’ என்று நீட்டுவதும், கடைசியில் ஓர் உகரத்தைச் சேர்த்து ‘ட்டிவ்வு’ என்று முடிப்பதும் தவறு.

எழுத்துக்கூட்டில் ஒரு பள்ளம் இருக்கிறது. இதன் வினைச்சொல் ரிட்டெய்ன். அதில் ‘ஏ, ஐ’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் அடுத்தடுத்து வரும். அதே நினைவில் பெயரடையிலும் அவ்விரண்டையும் போட்டுவிடுபவர்கள் பலர். பெயரடையில் அவை இரண்டும் போய் ஒரே ஓர் ‘ஈ’ வந்துவிடுகிறது. மெய்ன்ட்டெய்ன் என்பது மெய்ன்ட்டெனன்ஸ் ஆகும்போதும், டிட்டெய்ன் என்பது டிட்டென்ஷன் ஆகும்போதும் இதே மாற்றம் நடப்பதைக் கவனித்தால் இது புதிய விதி அன்று என்பது விளங்கும். ஆர், ஈ, ட்டீ, ஈ, என், ட்டீ, ஐ, வீ, ஈ என்று ஒன்பது எழுத்துகள். அவற்றில் மூன்று ‘ஈ’, இரண்டு ‘ட்டீ’. அட்டென்ஷன் என்ற பெயர்ச்சொல்லிலிருந்து அட்டென்ட்டிவ் வருகிறது, ரிட்டென்ஷன் என்பதிலிருந்து ரிட்டென்ட்டிவ் வருகிறது என்று இரண்டையும் ஜோடியாக எழுதிப் பார்த்தால் கை பழகிவிடும்.

இரண்டாவது படி, சொல்லின் உறவுக்காரர்களைத் தெரிந்துகொள்வது. லத்தீனில் ‘தெனேரே’ என்றால் பிடித்திருத்தல். அதன் முன் ‘பின்னோக்கி’ என்ற பொருள்தரும் ‘ரே’ சேர்ந்து, ‘போக விடாமல் பிடித்து நிறுத்துதல்’ என்ற பொருளில் ‘ரெதினேரே’ ஆயிற்று. அது பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. இதே வேரில் முளைத்த ஒரு சொல்லை வடசென்னைக்காரர்கள் ஆங்கிலம் படிக்காமலே அறிவார்கள். திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் எண்ணூர் விரைவுச் சாலையிலும் துறைமுக வாசலை நோக்கி வரிசையில் நிற்கின்றனவே கன்டெய்னர் வண்டிகள், அந்தக் கன்டெய்னர்தான். பொருளைத் தன்னுள் சேர்த்துப் பிடித்திருப்பது கன்டெய்னர். வீட்டை வாடகைக்குப் பிடித்திருப்பவர் டெனன்ட். பிடித்த பிடியை விடாதவர் ட்டெனேஷியஸ். உள்ளே வந்ததை வெளியே போக விடாத தன்மை உடையது ரிட்டென்ட்டிவ். வேரில் இருக்கும் ‘பிடி’ என்ற செயலை மனதில் வைத்துக்கொண்டால் அடுத்த படி எளிதாகும்.

மூன்றாவது படிதான் இந்தக் கட்டுரையின் உயிர். மற்றவற்றை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். வாக்கியம் எழுதும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: நான் வருணிப்பது குடமா, தண்ணீரா? குடிநீர் வாரியத்தின் லாரி தெருவுக்குள் வந்ததும் வரிசையில் வைக்கும் பிளாஸ்டிக் குடங்களை நினைத்துக்கொள்ளுங்கள். வைத்துக்கொள்வது குடம், வைக்கப்படுவது தண்ணீர். ரிட்டென்ட்டிவ் என்பது குடத்தின் பக்கத்துச் சொல். நினைவு, மனம், மண், கருவி ஆகியவை குடத்தின் பக்கம் நிற்பவை. பாடம், பெயர், முகம், ஈரம், எண் ஆகியவை தண்ணீரின் பக்கம் நிற்பவை. “தி லெசன் இஸ் நாட் ரிட்டென்ட்டிவ்” என்ற வாக்கியத்தில் தண்ணீரைப் பிடித்துக் குடத்தின் இடத்தில் வைத்தாயிற்று. அதனால்தான் அது கவிழ்ந்தது. பாடத்தையே வருணிக்க வேண்டுமானால் அதற்கு மெமரபிள் என்ற வேறு சொல் இருக்கிறது. ‘நினைவில் நிற்கும் பாடம்’ என்பதற்கு மெமரபிள் லெசன். ‘நினைவில் நிறுத்தும் மனம்’ என்பதற்கு ரிட்டென்ட்டிவ் மைண்ட். நிற்பதற்கும் நிறுத்துவதற்கும் தமிழில் உள்ள வேறுபாடே இவ்விரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் இடையில் இருக்கிறது.

குடத்தை நான் உவமையாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவரின் நன்னூல் மாணாக்கரைத் தரம் பிரிக்கும்போது அன்னத்தையும் பசுவையும் தலையாயவருக்கும், மண்ணையும் கிளியையும் இடைப்பட்டவருக்கும், இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றைக் கடைப்பட்டவருக்கும் உவமை சொல்கிறது. இல்லிக்குடம் என்பது ஓட்டைக் குடம், ஊற்றியதெல்லாம் ஒழுகிவிடும். ரிட்டென்ட்டிவ் என்பதன் நேர் எதிர்ப்பொருளை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. பசுவோ கண்ட இடத்தில் வயிறார மேய்ந்துவிட்டு, பிறகு ஓரிடத்தில் அமர்ந்து, உள்ளே வைத்திருந்ததை மேலே கொண்டுவந்து அசைபோடும். எங்கள் தெருவில் பிற்பகல் நேரத்தில் நிழலில் படுத்து அசைபோடும் மாடுகளைக் காட்டி, “ரிட்டென்ட்டிவ் மெமரி எப்படி வேலை செய்யும் என்று பாருங்கள்” என்று நான் சொன்னதுண்டு.

அந்தப் பட்டியலில் நெய்யரிக்கு ஒரு தனிச் சிறப்பு இருக்கிறது. நெய்யரி என்பது நெய் வடிகட்டி, நல்ல நெய்யை ஒழுகவிட்டுக் கசடைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ளும். ஆங்கிலச் சொல்லின்படி பார்த்தால் நெய்யரியும் பிடித்துவைக்கும் தன்மை உடையதுதான். பிடித்துவைப்பது எதை என்பதே குறை. ரிட்டென்ட்டிவ் என்ற சொல், உள்ளே நிற்பது நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்வதில்லை. “ஹி ஹேஸ் எ ரிட்டென்ட்டிவ் மெமரி ஃபார் இன்சல்ட்ஸ்” என்றும் எழுதலாம். யார் எப்போது தன்னை இழிவாகப் பேசினார்கள் என்பதை அவர் மறக்கவே மாட்டார் என்று பொருள். பெரும்பாலும் இது பாராட்டாக வந்தாலும், பாராட்டு சொல்லுக்குள் இல்லை, பக்கத்தில் நிற்கும் சொற்களில் இருக்கிறது.

நான்காவது படி, சொல் மிகுதியாகப் புழங்கும் இடத்தில் அதைப் பழகுவது. அந்த இடம் நினைவாற்றல். ரிட்டென்ட்டிவ் மெமரி என்பது ஆங்கிலத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்ததுபோல் வரும் தொடர். எதை நினைவில் வைத்திருக்கிறார் என்று சொல்ல ‘ஃபார்’ சேர்க்க வேண்டும்: ஃபார் நேம்ஸ், ஃபார் ஃபேசஸ், ஃபார் டீட்டெய்ல்ஸ். அளவைக் கூட்ட ‘வெரி’, ‘ஹைலி’, ‘ரிமார்க்கப்ளி’ என்ற அடைகள் முன்னால் வரும். ஒப்பிடும்போது ‘மோர் ரிட்டென்ட்டிவ்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘ரிட்டென்ட்டிவர்’ என்ற வடிவம் வழக்கில் இல்லை.

என் மாணவியிடம் இந்தத் தொடரை வைத்து அவருக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னேன். அவருடைய தாயார் கூடை மீன் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்க் கடனுக்கும் கொடுத்து வருபவர். எழுதப் படிக்கத் தெரியாது. எந்த வீட்டில் எந்தக் கிழமை எத்தனை ரூபாய் பாக்கி, அதில் பாதியை யார் கொடுத்தார்கள், மிச்சத்தை எப்போது தருவதாகச் சொன்னார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தலையிலேயே இருக்கும். வகுப்பில் அந்தப் பெண் பென்சிலை உருட்டிக்கொண்டே வெகுநேரம் யோசித்துவிட்டு, “மை மதர் ஹேஸ் எ வெரி ரிட்டென்ட்டிவ் மெமரி ஃபார் ஃபிகர்ஸ்” என்று எழுதினார். எழுதியதை அழிக்காமல் நீட்டினார். அந்த வாக்கியத்தில் ஒரு புள்ளியையும் நான் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

பெரிய எடுத்துக்காட்டு வேண்டுபவர்களுக்குச் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரைச் சொல்வேன். 1874இல் பிறந்த அவர், 1907ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா பொது மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தினார். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகில், ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில் நிற்கும் செங்கல் கட்டடம் அது. வடசென்னையிலிருந்து அந்த வழியாகப் போகும் நாம் அதைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டோம். ஒரே சமயத்தில் பலர் கேட்கும் கேள்விகளையும், கொடுக்கும் ஈற்றடிகளையும், நடுவில் அடிக்கப்படும் மணியோசையின் எண்ணிக்கையையும் ஒன்றோடொன்று குழப்பாமல் மனதில் வைத்திருந்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விடை சொல்வது அவதானக் கலை. அப்படிப்பட்டவரைப் பற்றி “ஹி ஹேட் அன் எக்ஸ்ட்ராஆர்டினரிலி ரிட்டென்ட்டிவ் மெமரி” என்று எழுதினால் அந்தச் சொல் தன் முழு எடையோடு உட்காரும்.

இங்கே பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்றைப் பிரித்துக் காட்ட வேண்டும். வேகமாகப் புரிந்துகொள்வது வேறு, புரிந்ததை வைத்திருப்பது வேறு. சொன்னதும் பிடித்துக்கொள்பவரைக் கற்பூர புத்தி என்கிறோம். தீ பட்டதும் பற்றிக்கொள்வது கற்பூரம். ஆனால் அந்தப் புகழ் பற்றிக்கொள்ளும் வேகத்துக்கு உரியது. எவ்வளவு நேரம் எரியும் என்பதைப் பற்றி அந்தத் தொடர் ஒன்றும் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் முதல் குணத்துக்கு ரிசெப்டிவ், இரண்டாவது குணத்துக்கு ரிட்டென்ட்டிவ். ஒருவருக்கு ஒன்று இருந்து மற்றொன்று இல்லாமல் இருக்கலாம். மெதுவாகப் புரிந்துகொண்டு, புரிந்ததைப் பல ஆண்டுகள் வைத்திருக்கும் மாணவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ‘மந்தம்’ என்று அவர்களை ஒதுக்கிய வகுப்பறைகளை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. அறிவாளி என்ற பொருளிலும் ரிட்டென்ட்டிவ் என்ற சொல்லைப் போடக்கூடாது. அது வைத்திருக்கும் திறனை மட்டுமே சொல்லும்.

ஐந்தாவது படி, நினைவை விட்டுவிட்டு மண்ணுக்கு வருவது. இங்கு நம் ஊரே ஒரு பாடப்புத்தகம். தண்டையார்பேட்டையும் ஜார்ஜ் டவுனும் கடலோர மணற்பகுதிகள். பெரம்பூர்ப் பக்கம் களிமண். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரம்பூரிலிருந்து வரும் மாணவர் ஒருவர் தம் வீட்டுத் தோட்டத்து மண்ணை ஒரு பையில் கொண்டுவந்தார். வகுப்பு நடக்கும் கட்டடத்தின் பின்புறத்து மணலை நாங்கள் அள்ளினோம். அடியில் துளையிட்ட இரண்டு சிரட்டைகளில் இரண்டையும் நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு டம்ளர் தண்ணீரைச் சிறுகச் சிறுக ஊற்றினோம். மணலில் ஊற்றியது, ஊற்றிய கையை எடுக்கும் முன்பே கீழே சொட்டத் தொடங்கியது. களிமண்ணின் மேலோ தண்ணீர் முதலில் குளம்போல் நின்று, பிறகு மெல்ல இறங்கி, வகுப்பு முடியும் நேரத்தில்தான் அடியில் ஒரு துளியைக் காட்டியது. மறுநாள் மாலை வந்து பார்த்தபோது மணல் காய்ந்து உதிர்ந்தது. களிமண்ணில் விரலை வைத்தால் இன்னும் ஈரம் ஒட்டியது. “கிளே இஸ் மோர் ரிட்டென்ட்டிவ் தன் சாண்ட்” என்ற வாக்கியத்தை அதற்குப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மணல் துகள் பெரிது, இடைவெளியும் பெரிது, ஆகவே தண்ணீர் வழிந்துவிடுகிறது. களிமண் துகள் மிக நுண்ணியது, அந்த நுண்ணிய இடுக்குகள் தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்கின்றன.

மாடித்தோட்டம் போடுபவர்கள் இந்தச் சொல்லை உரப் பைகளிலும் விதைப் பொட்டலங்களிலும் கூட்டுச்சொல்லாகப் பார்ப்பார்கள்: வாட்டர் ரிட்டென்ட்டிவ், மாய்ஸ்ச்சர் ரிட்டென்ட்டிவ். ஆங்கிலத்தில் இவ்விரண்டு சொற்களுக்கும் நடுவே ஒரு சிறு கோடு போடுவது வழக்கம். தென்னை நார்க்கழிவையும் மட்கிய எருவையும் மணலோடு கலப்பதன் நோக்கமே கலவைக்கு இந்தக் குணத்தைக் கொடுப்பதுதான். சில பொட்டலங்களில் ‘மாய்ஸ்ச்சர் ரிட்டென்ட்டிவ் பட் வெல் ட்ரெய்ன்ட் சாயில்’ என்று இருக்கும். நீரைப் பிடித்துவைக்க வேண்டும், அதே நேரம் வடிந்தும் போக வேண்டும் என்றால் அது முரண்பாடு அல்லவா என்று ஒருவர் கேட்டார். முரண்பாடு இல்லை. வேர் அழுகாதபடி மிகுதித் தண்ணீர் வடிந்துவிட வேண்டும், வேர் வாடாதபடி ஈரம் மட்டும் நிற்க வேண்டும் என்பதே அதன் பொருள்; மணலும் மட்கும் சேர்ந்த கலவை இரண்டையும் செய்யும்.

இந்த இடத்தில் என் குட உவமைக்கு ஓர் எல்லையும் போட்டுவிட வேண்டும். குடம் என்பது வாக்கியத்தைச் சோதிப்பதற்காக நாம் வைத்துக்கொண்ட அடையாளம். உண்மையான பிளாஸ்டிக் குடத்தை ஆங்கிலத்தில் வாட்டர் ரிட்டென்ட்டிவ் என்று சொல்வதில்லை. ஒழுகாத குடத்துக்கு வாட்டர்டைட் என்பார்கள். தன் உடம்புக்குள் ஊறவிட்டு, நழுவிப் போகக்கூடியதைப் போகவிடாமல் பிடித்துக்கொள்ளும் மண், பஞ்சு, நார் போன்றவற்றுக்கே ரிட்டென்ட்டிவ் பொருந்தும். உறிஞ்சும் வேகத்தைச் சொல்ல அப்ஸார்பன்ட் என்ற சொல் தனியே இருக்கிறது. ரிசெப்டிவுக்கும் ரிட்டென்ட்டிவுக்கும் மனதில் என்ன வேறுபாடோ, அதுவே அப்ஸார்பன்ட்டுக்கும் ரிட்டென்ட்டிவுக்கும் துணியிலும் மண்ணிலும்.

ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படித்துவிட்டு மணலி, எண்ணூர்ப் பக்கத்து ஆலைகளில் சேர்பவர்களுக்கு ஆறாவது படி ஒன்று உண்டு. மற்றவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் பி.எல்.சி. கருவிகளில் ரிட்டென்ட்டிவ் டைமர் என்று ஒன்று வரும். சாதாரண டைமரை 60 விநாடிக்கு வைத்து, 40ஆவது விநாடியில் அதற்கு வரும் உள்ளீட்டை நிறுத்தினால் அது பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். மறுபடியும் முதலிலிருந்து எண்ண வேண்டும். ரிட்டென்ட்டிவ் டைமர் அந்த 40ஐ அப்படியே வைத்திருக்கும். உள்ளீடு மீண்டும் வந்ததும் மிச்சம் 20 விநாடியை எண்ணி முடிக்கும். அதைப் பூச்சியமாக்க ரீசெட் என்று தனியாகக் கட்டளை கொடுக்க வேண்டும். ஒரு மோட்டார் விட்டுவிட்டு ஓடினாலும் மொத்தம் எவ்வளவு நேரம் ஓடியது என்று கணக்கிட இதுவே தேவை. அதே துறையில் ரிட்டென்ட்டிவ் மெமரி என்றால் மனித நினைவைக் குறிப்பதில்லை. கரண்ட் போனாலும் மதிப்புகளை இழக்காமல் வைத்திருக்கும் நினைவகப் பகுதியைக் குறிக்கும். எங்கள் மணலி மாணவர் இதைக் கேட்டதும், “அப்ப இத்தன நாளா வேலையில பார்த்துக்கிட்டிருந்த வார்த்ததானா இது!” என்று வியந்தார். இயற்பியல் புத்தகத்தில் காந்தத்தைப் பற்றி வரும் ரிட்டென்ட்டிவிட்டி, வெளிக் காந்தப்புலத்தை நீக்கிய பிறகும் பொருளில் எஞ்சியிருக்கும் காந்தத்தன்மையைக் குறிக்கும் கலைச்சொல். பொதுப் பேச்சில் பெயர்ச்சொல் வேண்டுமானால் ரிட்டென்ட்டிவ்னஸ் என்றோ, இன்னும் எளிதாக ரிட்டென்ஷன் என்றோ சொல்லலாம்.

ஏழாவதாக, வாக்கியத்தில் சொல் நிற்கும் இடம். பெயர்ச்சொல்லுக்கு முன் வரலாம்: எ ரிட்டென்ட்டிவ் சாயில். ‘இஸ்’ என்பதற்குப் பின் வரலாம்: ஹர் மெமரி இஸ் ரிட்டென்ட்டிவ். எதைப் பிடித்துவைக்கிறது என்பதை ‘ஆஃப்’ சேர்த்தும் சொல்லலாம்: திஸ் சாயில் இஸ் ரிட்டென்ட்டிவ் ஆஃப் மாய்ஸ்ச்சர். இந்தக் கடைசி வடிவம் எழுத்து நடைக்கு உரியது.

எட்டாவது படி, இந்தச் சொல் நுழையக்கூடாத இடங்களை அறிவது. மண் சரியாமல் கட்டும் தடுப்புச் சுவருக்கு ரிட்டெய்னிங் வால் என்பது நிலைத்த பெயர். அங்கே ரிட்டென்ட்டிவ் வராது. பல் வரிசையைச் சீர்செய்த பிறகு மாட்டும் கம்பிக்கு ரிட்டெய்னர். ரசீதில் ‘இதைப் பத்திரமாக வைத்திருக்கவும்’ என்பதற்கு ரிட்டெய்ன் என்ற வினை. ஊழியர்கள் வேலையை விட்டுப் போகாமல் வைத்திருப்பதைப் பற்றி நிறுவனங்கள் பேசுவது எம்ப்ளாயி ரிட்டென்ஷன். மருத்துவ அறிக்கையில் சிறுநீர் வெளியேறாமல் தங்குவதைக் குறிப்பதும் ரிட்டென்ஷன் என்ற பெயர்ச்சொல்தான். பிடித்துவைக்கும் செயலைச் சொல்ல வினை, அந்நிகழ்வைச் சொல்லப் பெயர், குணத்தைச் சொல்ல மட்டுமே நம் பெயரடை.

ஒரு மனிதரை நேராக ‘ஹி இஸ் ரிட்டென்ட்டிவ்’ என்று சொல்வதையும் தவிர்க்கச் சொல்வேன். அது இலக்கணப் பிழை அன்று. ஆனால் சிக்மண்ட் ஃபிராய்ட் 1908இல் எழுதிய கட்டுரை ஒன்றில், அளவு கடந்த ஒழுங்கு, கஞ்சத்தனம், பிடிவாதம் ஆகிய குணங்களைக் குழந்தைப் பருவத்தில் மலத்தை அடக்கிக்கொள்ளும் பழக்கத்தோடு தொடர்புபடுத்தினார். அதிலிருந்து ‘ஏனல் ரிட்டென்ட்டிவ்’ என்ற தொடர் பிறந்து, அற்ப விவரங்களில் தொங்கிக்கொண்டிருப்பவரைக் குறை சொல்லப் பொதுப் பேச்சுக்கும் வந்துவிட்டது. மனிதரைத் தனியே ரிட்டென்ட்டிவ் என்றால் கேட்பவர் சிலருக்கு அந்த நினைவு வரும். ‘மெமரி’ அல்லது ‘மைண்ட்’ என்பதைச் சேர்த்துவிட்டால் அந்த ஐயமே எழாது. வேலைக்கான நேர்காணலில் தன்னைப் பற்றிச் சொல்லும்போது இது முக்கியம்.

பேச்சில் இந்தச் சொல்லை அடிக்கடி கேட்க மாட்டீர்கள். இது எழுத்துக்கும் தேர்வுக்கும் உரிய சொல். என் மாணவியின் முதல் கேள்விக்கு, அதாவது ‘எதுவும் நிக்க மாட்டேங்குது’ என்பதற்கு, ஆங்கிலம் பேசுபவர்கள் இயல்பாகச் சொல்வது “இட் டஸன்ட் ஸ்டிக்” அல்லது “ஐ கான்ட் ரிட்டெய்ன் வாட் ஐ லேர்ன்”. முதலாவதில், தமிழில் உள்ளதுபோலவே, எழுவாய் பாடம் என்பதைக் கவனியுங்கள். இரண்டாவதில் எழுவாய் நான்.

கற்ற சொல்லை நிறுத்திக்கொள்ளும் முறை ஒன்பதாவது படி. ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். மறதி தொடக்கத்தில் மிக வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்பதும், ஒரே மூச்சில் படிப்பதைவிட இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பது நன்றாக நிற்கிறது என்பதும் அவர் கண்டவை. ஆகவே இன்று இந்தச் சொல்லை வைத்து இரண்டு வாக்கியங்கள் எழுதுங்கள். நாளைக் காலை, நோட்டைத் திறக்காமல் அவற்றை நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். மூன்று நாள் கழித்துப் புதிதாக ஒரு வாக்கியம், ஒரு வாரம் கழித்து இன்னொன்று. திறந்து பார்த்துப் படிப்பதைவிட மூடிவைத்து நினைவுக்குக் கொண்டுவருவதே பலன் தரும். வாக்கியங்கள் உங்கள் வீட்டையும் தெருவையும் பற்றியவையாக இருக்கட்டும். அந்த மீன்காரத் தாயைப் பற்றிய வாக்கியத்தை எங்கள் வகுப்பில் இன்றுவரை ஒருவரும் மறக்கவில்லை.

இறுதியாக நான்கு வாக்கியங்கள் தருகிறேன். விடையைப் பார்க்கும் முன் ஒவ்வொன்றிலும் குடம் எது, தண்ணீர் எது என்று கண்டுபிடியுங்கள். ஒன்று, “தி சாங் இஸ் வெரி ரிட்டென்ட்டிவ்.” இரண்டு, “கோகோ பீட் இஸ் வாட்டர் ரிட்டென்ட்டிவ்.” மூன்று, “மை கிராண்ட்ஃபாதர்ஸ் மெமரி இஸ் ஸ்டில் ரிட்டென்ட்டிவ்.” நான்கு, “ப்ளீஸ் ரிட்டென்ட்டிவ் தி டிக்கெட்.” முதலாவது தவறு, பாட்டு தண்ணீர், ஆகவே மெமரபிள் அல்லது கேட்ச்சி என்று எழுத வேண்டும். இரண்டாவது சரி, தென்னை நார்க்கழிவு குடம். மூன்றாவதும் சரி, வயதான பிறகும் தாத்தாவின் நினைவு தளரவில்லை என்று பொருள்படும். நான்காவதில் குடம் தண்ணீர் என்ற கேள்வியே எழவில்லை. வினை வேண்டிய இடத்தில் பெயரடை வந்துவிட்டது, அதை எடுத்துவிட்டு ரிட்டெய்ன் என்று போட்டால் சரியாகிவிடும்.